பஸ் வசதியை யார் அளப்பது?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய தாலுகா ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஸ் கேட்டு மனுக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. எந்த ஜில்லாவுக்குப் போனாலும் நமது கிளைகளின் கோரிக்கைப் பட்டியலில் குடிதண்ணீர், சுடுகாட்டுப் பாதை, பஸ் இந்த மூன்றும் இருக்கும். பஸ் கேட்டுப் போனால் கிடைக்கும் பதிலும் அநேகமாக ஒரே மாதிரிதான். "உங்கள் ஊருக்குத்தான் ஏற்கெனவே பஸ் ஓடுகிறதே!" என்பார்கள். ரிஜிஸ்தரைப் புரட்டிக் காட்டுவார்கள். அதில் ஊர் பெயர் இருக்கும், ரூட் நம்பர் இருக்கும், எத்தனை நடை என்பதும் இருக்கும். பொய் என்று சொல்ல முடியாது. பஸ் ஓடத்தான் செய்கிறது. காலை பதினொரு மணிக்கு ஒரு நடை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு நடை. களையெடுக்கப் போகிற பெண் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டாள். எட்டு மணி ஷிப்டுக்குப் போகிறவர் ஏழு மணிக்கே மில் வேனில் போய்விட்டார். பதினொரு மணி பஸ்ஸில் யார் ஏறுவது? ஆள் ஏறவில்லை, வசூல் இல்லை என்று காரணம் காட்டி அந்த நடையையும் ஒரு நாள் நிறுத்திவிடுவார்கள்.

"பஸ் போதவில்லை" என்று நாம் சொன்னால் எதிர்க் கேள்வி வருகிறது. எந்த நேரத்தில் போதவில்லை? எத்தனை பேருக்குப் போதவில்லை? என்ன ஆதாரம்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கான பதில் எந்த ரிஜிஸ்தரிலும் கிடையாது. காத்து நிற்கிறவர்களிடம்தான் அது இருக்கிறது, எழுதப்படாமல் இருக்கிறது. ஆகவேதான் இன்று இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டோம். பஸ் வசதியை எப்படி அளப்பது, யார் அளப்பது?

சர்க்கார் ரிஜிஸ்தரில் யார் இல்லை?

முதலில் சர்க்கார் எப்படி அளக்கிறது என்று பார்ப்போம். 2011-ல் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் ஒவ்வொரு கிராமத்துக்கும் வசதிப் பட்டியல் ஒன்று உண்டு. ஊரில் பஸ் உண்டா என்று கேட்டு எழுதினார்கள். இல்லையென்றால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எழுதினார்கள்: ஐந்து கிலோமீட்டருக்குள்ளா, ஐந்திலிருந்து பத்துக்குள்ளா, பத்துக்கு மேலா. நாலரைக் கிலோமீட்டர் நடக்கிற ஊரும் அரைக் கிலோமீட்டர் நடக்கிற ஊரும் அந்தப் பட்டியலில் ஒன்றுதான். தலையில் சுமையோடு நடந்து பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா?

அதே கணக்கெடுப்பில் இன்னொரு கேள்வியும் இருந்தது. வேலை செய்கிற இடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள், நடந்தா, சைக்கிளிலா, பஸ்ஸிலா, ரயிலிலா? அருமையான கேள்வி. ஆனால் யாரிடம் கேட்டார்கள்? சாகுபடி செய்கிறவர்கள், விவசாயத் தொழிலாளர்கள், வீட்டுத் தொழில் செய்கிறவர்கள் ஆகிய மூன்று வகையினரையும் ஒதுக்கிவிட்டு, மிச்சம் உள்ள "மற்ற தொழிலாளர்"களிடம் மட்டுமே கேட்டார்கள். மில் தொழிலாளி அந்தக் கணக்கில் உண்டு. நாற்று நடுகிற பெண் கிடையாது. விவசாயத் தொழிலாளி தன் ஊர் வயலைத் தாண்டி எங்கும் போகமாட்டார் என்று நினைத்தார்களோ என்னவோ! இன்று ஒரு தாலுகாவிலிருந்து அடுத்த தாலுகாவுக்கு நடவுக்கும் அறுப்புக்கும், பூப்பறிக்கவும், வெங்காயம் தாள் கிள்ளவும் போகாத கிராமம் எது? அடுத்த கணக்கெடுப்பு 2027-க்கு என்று 2025 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டார்கள். விவசாயத் தொழிலாளியிடமும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது நமது சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்றாக வேண்டும்.

போக்குவரத்துக் கழகங்கள் வேறு விதமாக அளக்கின்றன. எத்தனை பஸ், ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல், லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பவை அவர்களது கணக்கு. பஸ்ஸை ஓட்டி நிர்வாகம் செய்ய இவை தேவைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் இவை பஸ்ஸின் கணக்கு, ஜனங்களின் கணக்கு ஆகிவிடாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுகளைக் கூட்டி இத்தனை கோடிப் பயணம் என்று சட்டசபையில் சொன்னார்கள். பயணம் செய்தவர்களின் எண்ணிக்கை அது. நிரம்பி வழிந்த பஸ் நிற்காமல் போனபோது ஸ்டாப்பிங்கில் நின்ற பத்துப் பேருக்கு யார் சீட்டுக் கிழித்தார்கள்? டவுன் பஸ்ஸே வராத ஊரில், மொபசல் பஸ்ஸிலோ தனியார் பஸ்ஸிலோ காசு கொடுத்துப் போகிற பெண் எந்தக் கணக்கில் வருகிறாள்?

வெளிநாட்டு அளவுகோல்கள்

மற்ற நாடுகளில் எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. நல்லதை எடுத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

லண்டன் நகரத்தில் ஹாமர்ஸ்மித் – புல்ஹாம் பகுதி நிர்வாகம் 1992-ல் ஒரு முறையை வகுத்தது. பிறகு லண்டன் முழுவதும் அதைக் கைக்கொண்டார்கள். ஒரு வீட்டின் வாசலில் நின்றுகொள்வது. அங்கிருந்து நிமிஷத்துக்கு 80 மீட்டர் வேகத்தில் நடப்பதாகக் கொள்வது. எட்டு நிமிஷத்துக்குள், அதாவது 640 மீட்டருக்குள், பஸ் ஸ்டாப்பிங் இருந்தால்தான் அந்த வீட்டுக்கு அந்த பஸ் உண்டு. ரயில் என்றால் பன்னிரண்டு நிமிஷம், 960 மீட்டர். அதோடு நிற்கவில்லை. காலை நெருக்கடி நேரத்தில் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ் வருகிறது, சராசரி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நடையும் காத்திருப்பும் சேர்த்து மதிப்பெண் போட்டு ஒவ்வொரு வீட்டையும் ஒரு படியில் வைக்கிறார்கள். கீழ்ப் படி பூஜ்யம். இந்தக் கணக்கில் நமது சேரிகளிலும் காலனிகளிலும் எத்தனை பூஜ்யத்தைத் தாண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த முறையில் நமக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. அளவு வீட்டு வாசலில் தொடங்குகிறது, டெப்போவில் தொடங்கவில்லை. பிடிக்காத அம்சமும் உண்டு. பஸ் எங்கே போகிறது என்று அது கேட்பதில்லை. வாசலில் பத்து பஸ் வந்து நின்றாலும் ஒன்றுகூட வேலைக்குப் போகிற இடத்துக்குப் போகாவிட்டால் என்ன பிரயோஜனம்?

ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் அளவு வைத்திருக்கிறது. நகரங்களில் 500 மீட்டருக்குள் பஸ் ஸ்டாப்பிங், ஒரு கிலோமீட்டருக்குள் ரயில் போன்ற பெரிய வாகனம், இவை எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று எண்ணுவது. நகரத்துக்கு இப்படி. கிராமத்துக்கு? உலக வங்கிக்காரர்கள் 2006-ல் கிராமத்துக்கு ஒரு அளவு கொண்டுவந்தார்கள். எல்லாக் காலத்திலும் வண்டி போகக்கூடிய சாலை இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்பதுதான் அது. டில்லி சர்க்கார் 2000 டிசம்பரில் தொடங்கிய கிராமச் சாலைத் திட்டமும் இதே வழியில்தான் போயிற்று. சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புகளுக்குச் சாலை என்றார்கள். சாலை வேண்டியதுதான். நாமும் அதற்காகப் போராடியிருக்கிறோம். ஆனால் சாலை போட்டதோடு கணக்கை மூடிவிட்டால் எப்படி? சொந்தமாகக் காரோ மோட்டார் சைக்கிளோ உள்ளவனுக்குச் சாலையே போதும். இல்லாதவனுக்குச் சாலை என்பது நடப்பதற்குக் கொஞ்சம் சௌகரியமான தரை, அவ்வளவே. நாலு வழிச் சாலை வந்த பிறகு எக்ஸ்பிரஸ் பஸ்கள் ஊருக்குள் இறங்காமல் மேம்பாலத்தின் மேலேயே பறந்துவிடுகின்றன. ஊருக்கு மேலே பாலம், கீழே மூட்டை முடிச்சோடு ஜனங்கள்!

கூலியில் கழியும் நேரம்

நம்முடைய அளவுகோல் எது? தொழிலாளியின் கடிகாரம்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நாள் கூலி 400 ரூபாய், வேலை எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 ரூபாய். இப்போது வீட்டிலிருந்து ஸ்டாப்பிங்குக்கு அரை மணி நடை. பஸ்ஸுக்காக அரை மணி நிற்பது. பஸ்ஸில் அரை மணி. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. எட்டு மணி வேலைக்கு வீட்டைவிட்டு வெளியே இருப்பது பதினொரு மணி நேரம். 400 ரூபாயைப் பதினொன்றால் வகுத்தால் மணிக்கு 36 ரூபாய் சொச்சம். இதில் பஸ் கட்டணம் போக வர 30 ரூபாய் கொடுக்கிற ஆண் தோழராக இருந்தால் 33 ரூபாய் சொச்சம். மணிக்கு 50 ரூபாய் என்று பேசிய கூலியில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே கழிந்துவிட்டது. மிராசுதார் கூலியைக் குறைக்கவில்லை. முதலாளி குறைக்கவில்லை. யாரும் குறைக்காமலே குறைந்துவிட்டது!

கூலி உயர்வுக்காக நாம் மாதக்கணக்கில் போராடுகிறோம். சரியான நேரத்துக்கு ஒரு பஸ் விட்டால், காத்திருக்கும் அரை மணி பத்து நிமிஷமாகி, ஸ்டாப்பிங் பக்கத்தில் வந்து நடை பத்து நிமிஷமானால், ஒரு நாளில் 80 நிமிஷம் மிச்சம். வீட்டில் அடுப்பு, பிள்ளை, மாடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த 80 நிமிஷம் என்ன என்று இங்கே முன்னால் உட்கார்ந்திருக்கும் தோழியர்களைக் கேளுங்கள்.

இன்னொன்று. பஸ் எந்த நேரத்துக்கு வருகிறது என்பது எத்தனை பஸ் என்பதைவிட முக்கியம். மூலதனம் இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ் போக்குவரத்துத் தொழிலைப் பற்றிப் பேசுகிறார். இந்தத் தொழில் விற்பது இடமாற்றத்தை. உற்பத்தியாகும்போதே அது நுகரப்பட்டும் விடுகிறது என்பது அவர் காட்டுகிற விஷயம். துணியை நெய்து கிட்டங்கியில் போட்டு வைக்கலாம். பஸ் ஓடிய ஓட்டத்தைச் சேர்த்து வைக்க முடியுமா? பதினொரு மணி நடையில் காலியாகப் போன இருபது சீட்டுகளை எடுத்து அதிகாலைக்குக் கொடுக்க முடியாது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கிறவர்களைப் பாருங்கள். மொட்டை விடியுமுன் பறித்தாக வேண்டும், காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மல்லிகை மொட்டு பஸ் டைம் பார்த்து விரிவதில்லை. ஒரு நாளைக்கு ஆறு நடை என்று ரிஜிஸ்தரில் இருக்கலாம். விடியற்காலையில் ஒன்றும் இல்லையென்றால் பூப்பறிக்கிறவருக்கு அந்த ஆறும் இல்லாததற்குச் சமம்.

தூரமும் நேரமும் மட்டுமல்ல, கட்டணமும் அளவில் சேர வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக பாசஞ்சர் ரயில்களை நிறுத்தினார்கள். திரும்ப விட்டபோது ஸ்பெஷல், எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றினார்கள். அதே தண்டவாளம், அதே ஸ்டேஷன், அதே வேகம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய். பழைய 10 ரூபாய் திரும்ப வந்தது 2024 பிப்ரவரி கடைசியில்தான். மேப்பை விரித்து அளந்தால் அந்தக் காலத்தில் ஒரு ஸ்டேஷன்கூடத் தள்ளிப் போகவில்லை. கூலிக்காரனுக்கு மட்டும் ஸ்டேஷன் மூன்று மடங்கு தள்ளிப் போயிற்று.

மில் வேனும் லோடு ஆட்டோவும்

இப்போது மில் தோழர்கள் கேட்கலாம்: "எங்களுக்குத்தான் மில் வேன் வருகிறதே, எங்களுக்கு இதில் என்ன?" நல்ல கேள்வி. வேடசந்தூர் வட்டாரத்தில் விடியற்காலையில் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். ஒவ்வொரு மில்லுக்கும் தனித்தனி வேன், கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றி வருகிறது. வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம். அப்படியானால் பொது பஸ் எதற்கு?

1959-ல் அமெரிக்காவில் வால்டர் ஹான்சன் என்ற நகரத் திட்ட நிபுணர் ஒரு கருத்தை வெளியிட்டார். ஓர் இடத்தின் வசதியை அளப்பதற்கு, அங்கிருந்து எத்தனை வேலைகளை எவ்வளவு தூரத்தில் எட்ட முடியும் என்று எண்ண வேண்டும் என்றார். அவர் வீடு கட்டுவதற்கும் நிலத்தைப் பயன்படுத்துவதற்கும் இதைச் சொன்னார். நமக்கு வேறு விதத்தில் பயன்படுகிறது. மில் வேனில் ஏறினால் எத்தனை மில் வாசலை எட்டலாம்? ஒன்றே ஒன்று. அந்த வேன் யாருடையதோ அவனுடைய வாசல். அடுத்த மில்லில் நாளைக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கிறான் என்றாலும் போக வழியில்லை. வேலை முடிந்து கேட் மீட்டிங்குக்குக் கால் மணி நிற்க வேண்டுமென்றால் வேன் போய்விடும். ஓவர்டைம் பார்க்கச் சொன்னால் மறுக்க முடியாது, ஓவர்டைம் முடிந்த பிறகுதான் வேன் எடுப்பார்கள். யார் சங்கத்துக்காரரோடு பேசினார்கள் என்று வேனிலேயே தெரிந்துவிடும். வேனுக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கட்டணம் வேறு ரூபத்தில் போகிறது, தோழர்களே!

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21-ம் தேதி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் சம்மதித்தால், சில நிபந்தனைகளின் பேரில், இரவு ஏழு மணிக்கு மேலும் வேலை வாங்கலாம் என்று அதில் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஷிப்டு முடிகிறது, பொது பஸ் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் முதலாளியின் வேனைத் தவிர வீட்டுக்கு வழியே இல்லாத பெண்ணின் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

விவசாயத் தொழிலாளர் நிலை இதைவிட மோசம். அங்கே வேனுக்குப் பதில் லோடு ஆட்டோ. ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். சாமான் ஏற்றுகிற வண்டியில் இருபது பேர், முப்பது பேர் நின்றுகொண்டு போகிறார்கள். சாமான் வண்டியில் இப்படி ஆள் ஏற்றுவது சட்டவிரோதம். போலீஸ்காரர் பிடித்தால் அபராதம் மேஸ்திரி கட்டுவார், பிறகு கூலியில் பிடித்துக்கொள்வார். வண்டி கவிழ்ந்தால் பத்திரிகையில் கூலித் தொழிலாளர்கள் பலி என்று ஒரு செய்தி வரும். அந்த வழியில் காலை ஆறு மணிக்கு ஒரு பஸ் இருந்திருந்தால் அவர்கள் அந்த வண்டியில் ஏறியிருப்பார்களா என்று யாரும் எழுதுவதில்லை. பஸ் இருந்தால் மேஸ்திரியை விட்டுவிட்டு நேரே போய்க் கூலி பேசலாம். நாலு ஊரில் கூலியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேஸ்திரி கமிஷன் மிச்சம். பஸ் கேட்பது கூலிப் போராட்டத்தின் ஒரு பகுதி என்று நாம் சொல்வது இதனால்தான்.

எல்லாம் போராடிப் பெற்றவை

"சர்க்கார் நஷ்டத்தில் பஸ் ஓட்டுகிறது, இன்னும் கேட்கலாமா?" என்று சிலர் நமக்கு உபதேசம் செய்கிறார்கள். சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் போட்டபோது, ரயிலுக்கு பஸ் போட்டியாக வந்துவிடக் கூடாது என்பது அவனுடைய கவலைகளில் ஒன்று. ஜனங்கள் எப்படிப் போவார்கள் என்பது பின்னால் வந்த கவலை. சுதந்திரத்துக்குப் பிறகு உத்தரப் பிரதேசத்தில் சர்க்கார் பஸ் ஓட்டுவதற்காகத் தனியாருக்குப் பர்மிட் மறுத்தபோது, அலகாபாத் ஹைக்கோர்ட்டு அது செல்லாது என்றது. 1951-ல் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. முதல் திருத்தத்தின் பல காரணங்களில் பஸ்ஸும் ஒன்று! 1956-ல் மோட்டார் சட்டத்தில் சர்க்கார் போக்குவரத்துக்குத் தனி அத்தியாயம் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் பெரிய மோட்டார் முதலாளிகளின் பஸ்களை எடுத்துக்கொள்ள 1971-ல் சட்டம் வந்தது. 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் கழகங்கள் பிறந்தன. வசூல் வராத ஊருக்கும் வசூல் வருகிற ரூட்டின் பணத்தில் பஸ் விடலாம் என்பதுதான் பொதுத்துறையின் நியாயம். லாபம் வருகிற ரூட்டைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கழகத்தின் தலையில் கட்டிவிட்டு, பிறகு நஷ்டம் என்று கூச்சலிடுவது நியாயமல்ல.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறிற்று. இதை நாம் மனமார வரவேற்றோம். எட்டாத ஊருக்கும் அதை எட்டச் செய்வதே அடுத்த வேலை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பஸ் நிற்காமல் போனால் டிரைவரையும் கண்டக்டரையும் திட்டுவது சுலபம். திட்டுவதை நாமே கேட்டிருக்கிறோம். காலியிடங்களை நிரப்பாமல், இருக்கிற ஆளையே இரட்டை வேலை வாங்கி, ஆள் இல்லை, டயர் இல்லை என்று நடையை வெட்டுவது யார்? 2024 ஜனவரி 9, 10 தேதிகளில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, காலியிடத்தை நிரப்பு, வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சர்க்கார் கொடு என்பவை அவர்கள் கோரிக்கையில் இருந்தனவே! அவை நமது கோரிக்கைகளும்தான். நாம் எடுக்கப்போகும் கணக்கை டெப்போவில் உள்ள சங்கத் தோழர்களோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். எந்த நடை எத்தனை நாள் ஓடவில்லை என்பதை அவர்களைவிட யார் அறிவார்?

நோட்டில் எழுத வேண்டியது

இனி வேலைக்கு வருவோம். ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் ஏழு நாள் கணக்கெடுக்க வேண்டும். ஏழு நாள் ஏன்? சந்தை நாள், முகூர்த்த நாள், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வர வேண்டும். ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் அது விசேஷ நாள் என்று தள்ளிவிடுவார்கள்.

முதலில் நடை. ஊரின் நடுவிலிருந்து அளக்காதீர்கள். கோயில் தெருவுக்குப் பக்கத்தில்தான் ஸ்டாப்பிங் இருக்கும், காலனி ஒதுக்குப்புறமாக இருக்கும். காலனியின் கடைசி வீட்டு வாசலிலிருந்து தொடங்குங்கள். லண்டன்காரன் நிமிஷத்துக்கு 80 மீட்டர் நடக்கட்டும். நாம் இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாயையும், தடி ஊன்றி நடக்கிற ஒரு பெரியவரையும் நடக்கச் சொல்லி நேரத்தை எழுதுவோம். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தால் எவ்வளவு சுற்று என்பதையும் எழுத வேண்டும்.

அடுத்தது ஸ்டாப்பிங். காலை நான்கு மணியிலிருந்து கடைசி பஸ் வரைக்கும் ஆள் மாற்றி உட்கார வேண்டும். பஸ் வர வேண்டிய நேரம், வந்த நேரம், வராத நடை. வந்ததில் நின்றதா, நிற்காமல் போனதா? எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் எந்த ஆபீஸிலும் இல்லாத கணக்கு. அதை ஆண், பெண், பள்ளிப்பிள்ளை என்று பிரித்து எழுதுங்கள். எந்த வகை பஸ் என்பதும் வேண்டும். டவுன் பஸ்ஸா, மொபசலா, தனியாரா?

மூன்றாவது, போக வேண்டிய இடம். வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். வேலைக்கு எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும், எதில் போகிறீர்கள்? ஆஸ்பத்திரி எது? ரேஷன் கடை எங்கே? ஹைஸ்கூல் எங்கே? எட்டாம் வகுப்போடு பெண்ணை நிறுத்தியிருந்தால் பஸ் ஒரு காரணமா என்று கேளுங்கள். தயங்கித்தான் பதில் சொல்வார்கள், நமது தோழியர்கள் போய்க் கேட்டால் சொல்வார்கள். எந்த வேலையை பஸ் இல்லாததால் விட்டீர்கள் என்றும் கேட்க வேண்டும். போன வேலையை மட்டும் எழுதினால் பாதிக் கணக்குதான்.

திரும்பி வருவதை மறந்துவிடக் கூடாது. போகும்போது எப்படியோ போய்விடுகிறார்கள். சாயங்காலம் வேலை முடிந்த பிறகு எத்தனை மணி நேரம் நின்றார்கள், கடைசி பஸ் எப்போது, அதை விட்டால் ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பவை தனிப் பக்கம்.

இந்தக் கணக்கை எங்கே கொடுப்பது? முதலில் கிராம சபையில் படித்துத் தீர்மானமாகப் போட வேண்டும். மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது, அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. தீர்மான நகலோடு டெப்போவுக்கு ஒன்று, வட்டாரப் போக்குவரத்து அதிகார சபையின் தலைவர் என்ற முறையில் கலெக்டருக்கு ஒன்று. 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தின் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். ரூட் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். எது பஸ் ஓடாத பாதை என்பதை ஆபீஸில் உட்கார்ந்து கோடு போட்டால் முதலாளிக்கு வசதியான ரூட்டுதான் வரும். நமது நோட்டைக் காட்டி, இந்தக் காலனி, இந்த ஓடை, இந்த வளைவு என்று வாதாட வேண்டும். ஆனால் ஒன்று. மினி பஸ் தனியாருடையது. 2021-ல் வந்த கட்டணமில்லாப் பயணம் அரசுக் கழகத்தின் சாதாரண பஸ்ஸுக்கான உத்தரவு. ஆகவே "மினி பஸ் கொடுத்தாயிற்றே" என்று கழகத்தின் நடையை நிறுத்தவிடக் கூடாது. ஊருக்குள் மினி பஸ் வரட்டும், டவுன் பஸ்ஸும் இருக்கட்டும். இரண்டும் நேரத்தில் ஒட்டி வரவேண்டும் என்று கேட்போம்.

மில் தோழர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு மில்லின் ஷிப்டு நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். எட்டு மணி, நாலு மணி, பன்னிரண்டு மணி என்று பொதுவாகச் சொல்கிறோம், மில்லுக்கு மில் அரை மணி வித்தியாசம் இருக்கிறது. அந்த அரை மணியில்தான் பஸ் தவறிப்போகிறது. எந்த கேட்டிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பேர் என்று பட்டியல் இருந்தால், ஷிப்டு விடுகிற நேரத்துக்கு பஸ்ஸை மாற்றிப் போடு என்று கழகத்திடம் கேட்கலாம். பல இடங்களில் புது பஸ் வேண்டியதில்லை, இருக்கிற பஸ்ஸின் நேரத்தை மாற்றினாலே போதும். இதற்குச் சர்க்காருக்கு ஒரு காசு கூடச் செலவில்லை. அதனால்தானோ என்னவோ இதுவரை யாரும் செய்யவில்லை.

நோட்டுகள் வாங்கி வைத்திருக்கிறோம், கிளைக்கு நான்கு. கோடு போட்டு, தலைப்பு எழுதித் தயாராக இருக்கின்றன. பென்சிலுக்குத் தனியாகப் பணம் கிடையாது! எழுதத் தெரிந்த தோழர் இல்லாத கிளைகள் பக்கத்து ஊர் பள்ளிப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், அவர்களுக்கும் பஸ் வேண்டுமல்லவா? எந்த ஸ்டாப்பிங்கில் யார், எந்த நேரம் என்பதை இப்போதே பெயர் எழுதிக்கொள்வோம். முதலில் பூப்பறிக்கும் தோழியர்கள் முன்னால் வாருங்கள். நீங்கள் விடியுமுன் எழ வேண்டியவர்கள், உங்களைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும்.